படம் திருத்துநரைத் தேர்ந்தெடுத்தல்

நிர்வாகக் குழுவினருக்கும் அங்கத்தினருக்கும் ஒரு பாடம்

கடைக்கு வந்து துணி வாங்குபவர் அதனை விரித்துப் பார்க்கிறார். விரலால் நெருடிப் பார்க்கிறார். ஐயமிருந்தால் முழம் போட்டும் பார்க்கிறார். இணையத்தின் வழியே வாங்குபவருக்கு இவற்றுள் ஒன்றும் வாய்ப்பதில்லை. அவர் முன்னே இருப்பது படம் ஒன்றே. ஆகவே நமது சங்கங்களின் சரக்கு இணைய வழியே வெளியூர்களுக்குச் செல்லத் தொடங்கிய பின், படம் எடுப்பவரும் அதனைத் திருத்துபவரும் சங்கத்தின் விற்பனையாளர்களாகவே ஆகிவிட்டனர். விற்பனையாளர் பொய் சொன்னால் சங்கத்தின் பெயர் கெடுவது போலவே, படம் பொய் சொன்னாலும் கெடும்.

விற்பனைப் படங்களைத் திருத்துவதற்கென ஆள் வைத்துக்கொள்ள விரும்பும் சங்கங்கள் பல. நெசவாளர் சங்கங்களேயன்றி, மஞ்சள், வெல்லம், தேன் முதலியவற்றைப் பெட்டியிலிட்டு விற்கும் விவசாயிகளின் சங்கங்களும் இவ்வரிசையில் உள்ளன. தக்கவரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி நாம் செல்லுமிடங்களில் எழுகின்றது. பெரும்பாலும் நடப்பது யாதெனில், விண்ணப்பதாரர் தாம் முன்பு செய்த படங்களுள் சிறந்த பத்தினைக் கொண்டுவந்து காட்டுகிறார். அவை பளபளப்பாக இருக்கின்றன. நிர்வாகக் குழுவினர் மகிழ்ந்து தீர்மானம் நிறைவேற்றிவிடுகின்றனர். நூல் வாங்கும்போது நம்பரைச் சோதித்து, சிட்டத்தை எடைபோட்டு வாங்கும் நாம், படம் திருத்துநரை மட்டும் பளபளப்பைக் கண்டு ஏற்பது பொருந்தாது. அவருடைய வேலைக்கும் அளவுகோல் உண்டு.

படத் திருத்தத்தில் நிறம், ஒளி, பின்னணி எனப் பல பகுதிகள் உள்ளன. இப்பாடத்தில் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்வோம். அது சாய்வுத் திருத்தம். ஆங்கிலத்தில் பெர்ஸ்பெக்டிவ் கரெக்ஷன் என வழங்குவது இதுவே. நீள அகலமும், கட்டமும், கரையும் உடைய சரக்கை விற்பவர்களாகிய நமக்கு இப்பகுதியே முதன்மையானது. மேலும், இதனை நாடாவும் கணக்கும் கொண்டு எவரும் சோதித்து அறியலாம். ஓவியக் கலையில் தேர்ச்சி வேண்டுவதில்லை.

1. சாய்வு தோன்றுவது ஏன்?

அருகில் உள்ள பொருள் பெரிதாகவும் தொலைவில் உள்ள பொருள் சிறிதாகவும் தோன்றுவதை நாம் அனைவரும் அறிவோம். இரயில் பாதையில் நின்று நோக்கினால் தண்டவாளங்கள் இரண்டும் தொலைவில் சென்று கூடுவன போலத் தோன்றுகின்றன. இத்தோற்றத்திற்குரிய கணக்கினை இத்தாலி நாட்டு அறிஞர் ஆல்பர்ட்டி, 1435-ஆம் ஆண்டில் எழுதிய ஓவிய நூலில் விளக்கினார். காமிராவின் கண்ணும் அதே கணக்கிற்கு உட்பட்டதே. தரையில் விரித்த போர்வையை ஒரு முனையில் நின்று சாய்வாகப் படம் எடுத்தால், முன் ஓரம் அகன்றும் பின் ஓரம் குறுகியும் விழுகின்றது. நாற்கோணமாக நெய்த போர்வை, படத்தில் முறம் போலக் காணப்படுகின்றது.

இதனை ஒரு கணக்கினால் தெளிவுபடுத்துவோம். காமிரா நோக்கும் திசையில் அளக்கும்போது, போர்வையின் முன் ஓரம் 4 அடி தூரத்திலும் பின் ஓரம் 8 அடி தூரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். பின் ஓரம் இரு மடங்கு தொலைவில் உள்ளது; ஆகவே படத்தில் அது முன் ஓரத்தின் நீளத்தில் பாதியாகத் தெரியும். இது எவருக்கும் விளங்குவது. ஆனால் இன்னொரு மாறுதலும் உடன் நிகழ்கின்றது. அதனைப் பலர் கவனிப்பதில்லை. போர்வையின் முன் பாதி, படத்தில் போர்வை நிற்கும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது. பின் பாதிக்கு மூன்றில் ஒரு பங்கே எஞ்சுகிறது. அதாவது அகலம் குறுகுவதோடு, நீளமும் போகப்போக நெருங்கிவிடுகின்றது. இவ்விரண்டு மாறுதல்களையும் சேர்த்து நீக்குவதே முறையான சாய்வுத் திருத்தம். ஒன்றை மட்டும் நீக்கினால் வேலை அரைகுறையே.

பிலிம் வழங்கிய நாட்களில், இருட்டறையில் வேலை செய்தவர்கள் பெரிதாக்கும் கருவியின் கீழுள்ள பலகையைச் சாய்த்து இக்குறையை நீக்கினார்கள். இன்று அவ்வேலையைக் கணினி செய்கின்றது. 1990-இல் வெளிவந்த போட்டோஷாப் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. 1996 முதல் பொது மக்களுக்குக் கிடைத்துவரும் கிம்ப் என்னும் செயலியில், கட்டணம் ஏதுமின்றியே இத்திருத்தத்தைச் செய்யலாம். எனவே, விலையுயர்ந்த செயலி தம்மிடம் இருப்பதாக ஒருவர் கூறுவதனாலேயே அவரை உயர்வாக மதிக்க வேண்டுவதில்லை. அஃது இல்லையென்று ஓர் ஏழை இளைஞரைத் தள்ளவும் வேண்டுவதில்லை. கருவி எதுவாயினும், அதனைக் கையாளும் அறிவையே நாம் சோதிக்க வேண்டும்.

2. தவறான திருத்தம் திருத்தாமையினும் கொடியது

சாய்ந்த படத்தைக் காண்பவர், இது சாய்வாக எடுத்த படம் என்று தாமே உணர்ந்து கொள்கிறார். அதற்கேற்பக் கணித்தும் கொள்கிறார். தவறாக நிமிர்த்திய படத்தைக் காண்பவரோ, அது நேரே எடுத்த படமென்று நம்பிவிடுகிறார். அதில் கரை 3 விரற்கடை அகலமாகத் தோன்றினால், துணியிலும் அவ்வாறே இருக்குமென்று எண்ணிப் பணம் கட்டுகிறார். சரக்கு வந்தபின் கரை குறுகலாக இருக்கக் கண்டால், அவர் நம்மைக் குறைகூறுவதில் வியப்பில்லை.

நாம் பார்வையிட்ட சங்கம் ஒன்றில், திரும்பி வந்த சரக்குகளின் பதிவேட்டில், படத்தில் கண்ட கரை வேறு என்ற காரணம் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருந்தது. துணிகளை எடுத்து அளந்தபோது, நெசவில் யாதொரு பிழையும் இல்லை. சங்கம் கொடுத்த அளவுப்படியே நெசவாளர் நெய்திருந்தனர். படத்தை நிமிர்த்தியவர் நீளத்தைச் சுருக்கிவிட்டதனால், பக்கவாட்டுக் கரை அளவுக்கு மீறி அகன்று காணப்பட்டது. போகும் செலவும் திரும்பும் செலவும் சங்கத்தின் தலையில் விழுந்தன. மடிப்புக் குலைந்த சரக்கு இருப்பில் தங்கியது. கணினியின் முன்னே நிகழ்ந்த பிழைக்குத் தறியின் முன்னே இருந்தவர் பழி சுமந்தார். இந்நிலை எந்தச் சங்கத்திலும் நேரலாகாது.

சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாக உள்ளது. நுகர்வோர் பாதுகாப்பு மின்னணு வணிக விதிகள் 2020-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. விளம்பரத்தில் காட்டும் தன்மைகள் சரக்கின் உண்மைத் தன்மைகளோடு ஒத்திருக்க வேண்டுமென்றும், விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத சரக்கைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாதென்றும் அவை கூறுகின்றன. விற்பனைக்கென வெளியிடும் படமும் விளம்பரமே என்பதை நிர்வாகக் குழுவினர் மறத்தலாகாது.

3. முதற் பரீட்சை: அளவும் உட்கட்டமும்

இனி, தேர்வு முறைக்கு வருவோம். விண்ணப்பதாரர் கொண்டுவரும் பழைய படங்களைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அவற்றைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. திருத்துவதற்கு முன் படம் எவ்வாறிருந்தது என்பதும், பொருளின் உண்மை அளவு யாது என்பதும் நமக்குத் தெரியா. ஆகையால், நாமே அளந்து வைத்த பொருளை நாமே படம் எடுத்து, அதனை அவர் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும்.

கட்டம் போட்ட போர்வை ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் அளவு 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் என வைத்துக்கொள்வோம். நிர்வாகக் குழுவினர் இருவர் முன்னிலையில் நாடாவால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு அதனைச் சுருக்கமின்றித் தரையில் விரித்து, 3 அடி மர அளவுகோல்கள் இரண்டினை, ஒன்று அகலவாட்டிலும் மற்றொன்று நீளவாட்டிலுமாகத் துணியின் மேலேயே ஓரங்களை ஒட்டி வைக்க வேண்டும். ஒரு முனையில் நின்று, சற்று ஒரு பக்கமாகவும் விலகி, சாய்வாகப் படம் எடுக்க வேண்டும். நான்கு மூலைகளும் படத்துள் அடங்கியிருத்தல் அவசியம். இப்படத்தை விண்ணப்பதாரரிடம் கொடுத்து, நேர் மேலிருந்து பார்த்தால் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறு ஆக்கித் தருமாறு கேட்க வேண்டும். போர்வையின் அளவை மட்டும் நாமாகச் சொல்லக் கூடாது.

இங்கே கவனிக்க வேண்டுவது, அவர் அளவைக் கேட்கிறாரா என்பதே. நான்கு மூலைகளையும் பிடித்துச் செங்கோணமாக்கச் செயலிக்குத் தெரியும். ஆனால் அச்செங்கோணம் 60-க்கு 90-ஆ, 60-க்கு 75-ஆ என்பது மூலைகளை மட்டும் கொண்டு அதற்குத் தெரியாது. காமிராவின் குறிப்புகளைக் கொண்டு சில செயலிகள் ஊகித்துச் சொல்லும். படம் வெட்டப்பட்டிருந்தால் அவ்வூகமும் பொய்த்துப் போகும். ஆகவே வேலை அறிந்தவர், இதன் நீள அகலம் என்ன என்று கேட்டே தீருவார். கேட்டால் உடனே சொல்லிவிடலாம். கேளாமலே, அளவுகோல்கள் இரண்டும் சமமாகும்படி படத்தை அமைத்து அளவைக் கண்டுகொண்டால், அவர் மேலும் சிறந்தவர். கேளாமலும் கணக்கிடாமலும், கண்ணுக்கு அழகாக இருக்குமாறு நீட்டித் தருபவர், நாளைக்கு நமது கரையையும் அவ்வாறே நீட்டுவார்.

திருத்திய படம் வந்ததும் அதனை மூன்று வழிகளில் சோதிக்க வேண்டும்.

முதலாவது, மொத்த அளவு. படத்தில் போர்வையின் அகலம் 1600 பிக்சல் எனில், நீளம் 2400 பிக்சல் இருக்க வேண்டும். 2000 மட்டுமே இருந்தால், 90 அங்குலப் போர்வையை அவர் 75 அங்குலமாக்கிவிட்டார் என்று பொருள். நூற்றுக்கு ஒன்று ஏறக்குறைய இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதாவது 2376 முதல் 2424 வரை ஏற்கலாம். அதற்கு மேற்பட்ட வேறுபாடு தேர்ச்சியின்மையே.

இரண்டாவது, அளவுகோல்கள். 60 அங்குலம் 1600 பிக்சலானால், 36 அங்குலக் கோல் 960 பிக்சல் இருக்க வேண்டும். அகலவாட்டில் கிடப்பதும் நீளவாட்டில் கிடப்பதும் ஒன்றற்கொன்று சமமாயிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, உட்கட்டம். இதுவே இப்பரீட்சையின் உயிர். முற்கூறிய கணக்கில், போர்வை நீளவாட்டில் நான்கு சமப் பட்டைகளாக நெய்யப்பட்டதெனக் கொள்வோம். முறையாகத் திருத்திய படத்தில் ஒவ்வொரு பட்டையும் 600 பிக்சல் இருக்கும். ஆனால் ஒருவர் குறுகிய பின் ஓரத்தை அகலவாட்டில் மட்டும் இழுத்து நேராக்கிவிட்டு, பிறகு முழுப் படத்தையும் 2400 உயரத்திற்கு நீட்டினால், பட்டைகள் முன்னிருந்து முறையே 960, 640, 457, 343 பிக்சல் என்று அமையும். ஓரங்கள் நேராகவே இருக்கும். நான்கு மூலைகளும் செங்கோணமாகவே இருக்கும். மொத்த அளவும் 1600-க்கு 2400 என்று சரியாகவே காட்டும். ஆயினும் முன் பட்டை பின் பட்டையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீண்டு நிற்கும். ஓரத்தை மட்டும் பார்ப்பவர் இப்படத்திற்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடுவார். நெசவு அறிந்த கண்ணோ, சமமாக நெய்த கட்டம் இவ்வாறு இராது என்று உடனே காணும். இதனை மதிப்பிடும்போது நிர்வாகக் குழுவினரோடு, அந்தப் போர்வையை நெய்தவரையும் அழைத்து வைத்துக்கொள்வது நலம்.

கட்டமோ பட்டையோ இல்லாத சரக்காயின் மற்றொரு வழி உண்டு. துணியின் நடுப்புள்ளியில் ஒரு பொத்தானை வைத்துப் படம் எடுக்க வேண்டும். திருத்திய படத்தில் மூலைக்கு மூலை இரு கோடுகள் இட்டால், அவை பொத்தானின் மேல் வந்து வெட்ட வேண்டும்; பொத்தான் மேல் ஓரத்திற்கும் கீழ் ஓரத்திற்கும் சரிநடுவில் இருக்கவும் வேண்டும்.

4. இரண்டாம் பரீட்சை: கோணல் யாருடையது?

படத்தில் காணும் கோணல் மூன்று காரணங்களால் வரலாம். காமிரா சாய்ந்திருப்பதனால் வருவது ஒன்று. காமிராவின் கண்ணாடி கோட்டை வளைப்பதனால் வருவது மற்றொன்று. அகலக் கோணத்தில் எடுக்கும்போது துணியின் ஓரம் பீப்பாயின் பக்கம் போல் வெளியே புடைத்துத் தோன்றுவது இதனால்தான். மூன்றாவது, துணியே கோணலாக இருப்பது; ஊடை சாய்ந்தோ வளைந்தோ ஓடியிருந்தால் பட்டைகளும் அவ்வாறே ஓடும்.

முதலிரண்டையும் நீக்குவது திருத்துநரின் கடமை. அவற்றுள்ளும் முறை உண்டு. முதலில் கண்ணாடியின் வளைவை நீக்கிவிட்டே சாய்வை நீக்க வேண்டும். சாய்வுத் திருத்தம் நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே வைத்திருக்கும். வளைந்ததை நிமிர்த்தும் ஆற்றல் அதற்கு இல்லை. எந்த வரிசையில் செய்வீர் என்று கேட்டால், அனுபவம் உள்ளவர் தயங்காமல் விடையளிப்பார்.

மூன்றாவதை நீக்குவது திருத்துநரின் கடமையன்று, அது குற்றம். ஊடை சாய்ந்த துண்டு ஒன்றினை அதன் பக்கத்தில் நேரான மரக்கோல் ஒன்றை வைத்துப் படம் எடுத்து, இதனையும் விண்ணப்பதாரரிடம் கொடுக்க வேண்டும். அறியாதவர் பட்டையைப் பார்த்துப் படத்தை நிமிர்த்துவார். அப்போது மரக்கோல் கோணலாகிவிடும். சிலர் வளைத்து இழுக்கும் கருவியைக் கொண்டு பட்டையை மட்டும் நேராக்குவார்கள். படம் அழகாகிவிடும், துணியின் குறையோ மறைந்துவிடும். அறிந்தவர் மரக்கோலை நேராக்கிவிட்டு, துணியிலேயே சாய்வு உள்ளது, இதனை விற்பனைப் படமாக வெளியிடலாமா என்று காரியதரிசியைக் கேட்பார். அப்படிப்பட்டவர் சங்கத்திற்குத் திருத்துநர் மட்டுமல்லர். தரம் பார்ப்பவரும் ஆவார். சாய்ந்த துண்டு தறிக்குப் போகும் செய்தியாக வேண்டுமேயன்றி, வாங்குபவர் வீட்டில் கண்டுபிடிக்கும் செய்தியாகலாகாது.

5. மூன்றாம் பரீட்சை: எல்லை அறிதல்

சாய்வுத் திருத்தம் ஒரு சமயத்தில் ஒரு தளத்திற்கே செல்லும். தரையில் விரித்த ஜமக்காளத்தின் மேல் ஒரு செம்பு நின்றால், ஜமக்காளத்தை நிமிர்த்தும்போது செம்பு நீண்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். செம்பு சரியாக இருந்தால் ஜமக்காளம் சாய்ந்தே இருக்கும். இரண்டையும் ஒரே இழுப்பில் சரிசெய்ய எவராலும் இயலாது. அவ்வாறே உடுத்திய சேலையின் மடிப்புகளும் பற்பல தளங்களில் உள்ளன. அவற்றை நேராக்க முயன்றால் உடுத்தியவரின் உருவமே கெட்டுவிடும்.

விவசாயிகளின் சங்கங்களுக்குரிய உதாரணம் அட்டைப் பெட்டியாகும். மஞ்சள் தூள் பெட்டியை மூலையிலிருந்து படம் எடுத்தால் இரண்டு பக்கங்கள் தெரிகின்றன. முன் பக்கத்து எழுத்துக்களை முற்றிலும் நேராக்கினால், அடுத்த பக்கம் அகன்று பெட்டியே கோணும். நல்ல திருத்துநர் நிமிர்ந்த விளிம்புகளை மட்டும் ஒன்றற்கொன்று இணையாக்கி, பெட்டி பெட்டியாகத் தோன்றுமாறு விட்டுவிடுவார். எழுத்துக்கள் தெளிவாக வேண்டுமெனில், முன் பக்கத்தை நேரே நின்று தனியே படம் எடுத்துத் தருமாறு சொல்லுவார்.

ஆகவே இம்மூன்றாம் பரீட்சையில், ஜமக்காளத்தின் மேல் செம்பு நிற்கும் படத்தைக் கொடுத்து, இரண்டும் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். எல்லாம் முடியும் என்று உடனே ஒப்புக்கொள்பவரைக் காட்டிலும், இதனை இரண்டு படமாக எடுத்தால்தான் சரியாக வரும் என்று சொல்பவரே மேல். முடியாததை முடியாது என்று சொல்லத் தெரிந்தவரிடமே முடிவதை நம்பி ஒப்படைக்கலாம்.

இழைத் தெளிவுக்கும் எல்லை உண்டு. நாம் கொண்ட கணக்கில், பின் ஓரத்தை முன் ஓரத்திற்குச் சமமாக்க, முன் ஓரத்தை நோக்க அகலத்தில் இரு மடங்கும் நீளத்தில் நான்கு மடங்கும் அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. காமிரா பதிவு செய்யாத இழையை இழுப்பதனால் உண்டாக்க முடியாது; அப்பகுதி மங்கலாகவே இருக்கும். இதனை எடுத்துச்சொல்லி, மேலிருந்து மீண்டும் படம் எடுக்கக் கோருவது திறமைக் குறைவன்று.

இங்கே புதிய அபாயம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். படத்தை நிமிர்த்தும்போது மூலைகளில் வெற்றிடம் விழுவதுண்டு. அவ்வெற்றிடத்தைத் தானே கற்பனை செய்து நிரப்பும் வசதி 2023-ஆம் ஆண்டில் போட்டோஷாப்பில் சேர்க்கப்பட்டது. வேறு செயலிகளிலும் அது வந்துவிட்டது. வெறும் தரையை அவ்வாறு நிரப்புவதில் பெரிய தீங்கில்லை. ஆனால் கரையின் மூலையையோ முந்தியின் ஓரத்தையோ இயந்திரம் நிரப்பினால், நமது நெசவாளர் நெய்யாத பூவும் புட்டாவும் படத்தில் வந்துவிடும். துணியின் எந்தப் பகுதியையும் இவ்வாறு நிரப்பக் கூடாது என்பதை வேலை உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும்.

6. மதிப்பிடும் முறை

பரீட்சையைச் சங்க அலுவலகத்திலேயே, ஒரே நாளில், அனைவருக்கும் ஒரே படங்களைக் கொடுத்து நடத்துவது உத்தமம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் வேலையைச் செய்தவர் யாரென்று உறுதி சொல்ல இயலாது. திருத்திய படங்களில் பெயர் இருக்கக் கூடாது. எண் மட்டுமே இருக்க வேண்டும். விண்ணப்பதாரர்களுள் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பர். நிர்வாகக் குழுவினரின் உறவினரும் இருக்கக்கூடும். எண் முறை இருந்தால், தேர்வானவருக்கும் மதிப்பு, தேர்ந்தெடுத்தவருக்கும் மதிப்பு.

மதிப்பெண்களை நூற்றுக்கு இவ்வாறு பகிரலாம்:

மொத்த அளவும் அளவுகோல்களும்: 30
உட்கட்டங்களின் சமம்: 25
துணியின் குறையை மறைக்காமை: 20
எல்லை அறிதல்: 15
இழைத் தெளிவும், எடுத்துக்கொண்ட நேரமும்: 10

முதல் மூன்று பகுதிகளுள் எதிலேனும் பாதிக்குக் குறைந்தவரை, மொத்தம் எவ்வளவு வந்தாலும் சேர்க்காதிருப்பது நல்லது. நேரத்திற்குக் குறைந்த மதிப்பெண் வைத்ததற்குக் காரணம் உண்டு. வேகம் பழக்கத்தால் வரும். அளவில் கருத்து இல்லாதவருக்கு அது பழக்கத்தால் வருவது அரிது.

இம்முறையில் மூவரைப் பொறுக்கி, ஒவ்வொருவருக்கும் இருபது படங்களைச் சோதனை வேலையாகக் கொடுக்கலாம். இருபதிலும் ஒரே ஒழுங்கு நிற்கின்றதா, பதினைந்தாவது படத்தில் கவனம் தளர்கின்றதா என்பது அப்போது புலனாகும். இவ்வேலைக்குக் கூலி கொடுத்துவிட வேண்டும். மாதிரித் துணி நெய்தவருக்குக் கூலி மறுப்பது நம் வழக்கமன்று. மாதிரிப் படம் திருத்தியவருக்கும் அதுவே நியாயம். நியமனம் எவ்வகையாயினும், சங்கத்தின் துணைவிதிகளுக்கும் மேலதிகாரிகளின் உத்தரவுகளுக்கும் உட்பட்டிருத்தல் வேண்டும். பரீட்சை முறையையும் மதிப்பெண்களையும் நடவடிக்கைக் குறிப்பில் பதிந்து வைத்தால், தணிக்கையில் கேள்வி எழும்போது விடை கையில் இருக்கும்.

7. வேலைக்கு அமர்த்திய பின்

திருத்துநர் எத்துணை வல்லவராயினும், சங்கமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சரக்கின் நீள அகலம், கரையின் அகலம், முந்தியின் நீளம் ஆகியவற்றை எழுதிய சீட்டு, படத்தோடு அவரிடம் சேர வேண்டும். திருத்தாத மூலப் படத்தை அழிக்காமல் தனியே காத்து வைக்க வேண்டும். வாங்குபவரிடமிருந்து புகார் வந்தால் அதுவே சாட்சி. மாதம் ஒரு முறை ஐந்து படங்களைக் குறிப்பின்றி எடுத்து, சரக்கோடு வைத்து நாடாவால் ஒப்பிட வேண்டும்.

இயன்றவரை சாய்வே விழாமல் படம் எடுப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. துணியைச் சுவரில் நேராகத் தொங்கவிட்டு, அதன் நடு உயரத்தில் காமிராவை நிறுத்தலாம். காமிரா நேராக நிற்கின்றதா என்றறிய எளிய உபாயம் ஒன்று உண்டு. துணியின் நடுவில் ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியைத் துணியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். காமிராவின் வழியே நோக்கும்போது, காமிராக் கண்ணின் பிம்பம் அக்கண்ணாடியில், படத்தின் சரிநடுவில் தெரிந்தால் காமிரா நேராக உள்ளது. விலகித் தெரிந்தால் சாய்ந்துள்ளது. பின்பு கண்ணாடியை எடுத்துவிட்டுப் படம் எடுக்கலாம். இவ்வாறு எடுக்கும் சங்கத்தில் திருத்துநரின் வேலை பாதியாகக் குறையும். அவருடைய கவனம் எஞ்சியவற்றில் நன்கு செல்லும்.

படம் திருத்துநரின் திறமை, படத்தை அழகாக்குவதில் மட்டும் இல்லை. தறியில் விழுந்த அளவைப் படத்திலும் அப்படியே நிறுத்துவதில் இருக்கின்றது. நாடா சொல்வதும் படம் சொல்வதும் ஒன்றாக இருக்கும் சங்கத்தின் சரக்கை, ஒரு முறை வாங்கியவர் மறுமுறையும் ஐயமின்றி வாங்குவார்.

படிப்பு வட்டங்களில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. 30 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ள துண்டின் திருத்திய படத்தில் அகலம் 900 பிக்சல், நீளம் 1650 பிக்சல். நீளம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? படம் எத்தனை அங்குலத்தைக் குறைத்துக் காட்டுகின்றது? (விடை: 1800 பிக்சல், 5 அங்குலம்.)

2. ஓரங்கள் நேராகவும் மொத்த அளவு சரியாகவும் இருந்தும், ஒரு படம் தவறாக இருத்தல் எவ்வாறு கூடும்?

3. உங்கள் சங்கத்தில் இப்போது விற்பனைக்கு வெளியிட்டுள்ள படங்களுள் ஐந்தினை எடுத்து, சரக்கின் அளவோடு ஒப்பிடுக. வேறுபாடு காணின், அது படம் எடுத்தபோது நேர்ந்ததா, திருத்தியபோது நேர்ந்ததா?

4. ஊடை சாய்ந்த துணியின் படத்தை நேராக்கித் தருமாறு ஒருவர் திருத்துநரைக் கேட்டால், அவர் யாது செய்ய வேண்டும்? நிர்வாகக் குழு யாது செய்ய வேண்டும்?

5. திரும்பி வந்த சரக்குகளின் பதிவேட்டில், படத்திற்கும் சரக்கிற்கும் உள்ள வேறுபாட்டினால் வந்தவற்றைத் தனியே குறிக்கும் பத்தி உங்கள் சங்கத்தில் உண்டா? இல்லையெனில், அடுத்த மாதம் முதல் அதனைத் தொடங்குக.